பியூலாவின் நெஞ்சும் நான் வாபஸ் வாங்கிய சாட்சியும்

நம் சபை இதழில் இதற்கு முன்பும் ஒரு சாட்சி எழுதியிருக்கிறேன். 1988 அக்டோபர் இதழ், இரண்டரைப் பக்கம். என் மகள் பியூலா ஜெபத்தால் முற்றிலும் குணமானாள் என்று அதில் இருக்கும். பழைய இதழ்களைச் சேர்த்து வைக்கும் அன்பர்கள் யாரிடமாவது அது இன்னும் இருந்தால், தயவுசெய்து கிழித்து அலமாரித் தட்டில் விரித்துவிடுங்கள். அதில் குழந்தையின் பெயரும் எங்கள் முகவரியும் மட்டும்தான் சரி.

மற்றதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். திருத்தம் ஆறு வருடம் தாமதம். எழுதச் சொல்லிப் பாஸ்டர் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஆறு வருடமாகப் பேனா தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவு. லேத்திலிருந்து வரும் உருப்படி தலைமுடி அளவு பிசகியிருந்தாலும் சிவப்பு மை வைத்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் கம்பெனியில் என்னை யாருக்கும் பிடிக்காது. அதையும் ஒரு தகுதியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிழையும் என் கண்ணுக்குத் தப்பாது என்ற அந்த நம்பிக்கையோடுதான் 1986 ஜூன் மாதம் தகப்பனானேன்.

பியூலா பிறந்து மூன்று மாதத்திலேயே கோளாறு தெரிந்தது. நாலு வாய் பால் குடிப்பாள். நிறுத்தி மூச்சு வாங்குவாள். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்க்கும். மறுபடி இரண்டு வாய். பிறகு பசியோடேயே தூங்கிவிடுவாள். மாதத்துக்கு ஒரு சளி, இரண்டு மாதத்துக்கு ஒரு காய்ச்சல். ஒரு வயதில் ஆறு மாதக் குழந்தை மாதிரி இருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "என்ன, குழந்தைக்கு ஒண்ணும் குடுக்கறதில்லையா?" என்று என் மனைவி ரூபியைக் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. தகப்பன்மார் பால் கொடுப்பதில்லை என்ற ஒரே காரணத்தால் தப்பித்தேன்.

அம்பத்தூரில் கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் காலை ஏழு மணிக்குப் போய்ச் சீட்டு வாங்கினால் பத்தரைக்குப் பார்ப்பார். பார்ப்பார் என்றால், பியூலாவின் கவுனுக்கு மேலேயே முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மருந்துச் சீட்டு எழுதுவார். "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்றார். குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய். எங்கள் தெருவில் இளைத்திருந்த குழந்தை அத்தனைக்கும் அந்தக் காலத்தில் அதே பெயர்தான். ஆகவே நாங்கள் சந்தேகப்படவில்லை. எல்லாருக்கும் உள்ள நோய் நமக்கும் வந்ததில் ஒருவித நிம்மதிகூட இருந்தது.

ஒரு வருடம் மருந்து. குழந்தைக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். போயிற்று. பயப்படவில்லை.

அப்போதே ரூபி ஒன்று சொன்னாள். டாக்டரிடமும் சொன்னாள். "இவ நெஞ்சுல கை வச்சா குறுகுறுன்னு அதிருது டாக்டர். பூனைய மடியில வச்ச மாதிரி."

"சளிம்மா. கரையும்," என்றார் டாக்டர், அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே.

பஸ்ஸில் வரும்போது அதையே நான் விரிவாக விளக்கினேன். மூச்சுக்குழாய், காற்று, சளி, அதிர்வு. நூலகத்தில் என்றோ ஒரு கலைக்களஞ்சியத்தில் பாதிக் கட்டுரை படித்திருந்தேன். மீதிப் பாதியில் என்ன இருந்ததோ. ரூபி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

1988 ஆகஸ்டில் மருந்து முடிந்தது. சபையில் பியூலாவுக்காக மூன்று வெள்ளிக்கிழமைகள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அந்த மாதம் அவளுக்குச் சளி பிடிக்கவில்லை. ஒரு முழு இட்லி சாப்பிட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு இட்லியை ஆதாரமாக வைத்துக்கொண்டு சபை ஆண்டு விழாவில் எழுந்து நின்று, என் மகள் முற்றிலும் சுகமானாள் என்று அறிவித்தேன். கம்பெனியில் ஒரு போல்ட்டை இதைவிட அதிகமாகச் சோதித்துத்தான் பாஸ் பண்ணுவேன்.

அதோடு விட்டிருக்கலாம். பேச்சு நன்றாக இருந்தது, எழுதிக் கொடுங்கள் என்றார் பாஸ்டர். எழுதத் தெரிந்தவனிடம் எழுதச் சொல்லக்கூடாது. இருண்ட பள்ளத்தாக்கு, அணையும் விளக்கு, விடியலின் முதல் கீற்று எல்லாம் போட்டேன். ஆவடியிலிருந்து ஒரு சகோதரர், அழுதுகொண்டே படித்தேன் என்று கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தைப் பதினைந்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். குழந்தையின் எடை எழுதிய அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சாட்சி அச்சாகி இரண்டு மாதம் ஆவதற்குள் பியூலாவுக்கு நிமோனியா வந்தது.

அன்பானவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன்பெல்லாம் அவளுக்கு லேசாகச் சுட்டாலே ஓடிப்போய்ப் பாஸ்டரைக் கூப்பிடுவேன். இந்த முறை கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? பூரண சுகம் என்று அச்சில் இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டில் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம். குழந்தை இருமும் சத்தம் கேட்கக் கூடாதென்று தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். மூச்சுக்கு அல்லாடும் குழந்தை இருக்கிற அறையின் ஜன்னலை. இதைச் செய்தவன் எதிரி யாரும் இல்லை. விசுவாசி. இரண்டரைப் பக்கச் சாட்சி எழுதியவன்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்து ஊசி போட்டுத் தேறி வந்தாள். சபையில் கேட்டவர்களிடம், மாமியார் ஊருக்குப் போயிருந்தோம் என்றேன்.

பிறகு ஞாயிறு தோறும் ஒரு கூத்து. ஆராதனை முடிந்ததும் பியூலாவைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அதிசயக் குழந்தை அல்லவா? அவளை நாற்காலியில் நிற்க வைப்பார்கள். தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அவளைத் தொடச் சொல்வார்கள். மூன்று வயதுகூட ஆகாத பிள்ளை, விலா எலும்பு ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். "எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க, மூச்சுகூட வேக வேகமா விடுது!" என்றார் ஒரு அம்மா. நான் சிரித்தேன். ரூபி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. இது சபை இதழ்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "வேற டாக்டர்கிட்ட காட்டலாங்க."

"காட்டினா, குணமாகலன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுமே ரூபி."

"குணமாகல."

"அது நமக்குத் தெரியும்."

"டாக்டருக்கும் தெரியட்டும்."

நான் விசுவாசத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். அவள் பாத்திரங்களைக் கழுவிய சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

இப்படியே ஆறு மாதம். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் ஒரு பட்டியலே தரமுடியும். டாக்டர்மேல், எதிர்வீட்டார்மேல், மூச்சு வாங்கிய குழந்தைமேல், உள்ளதைச் சொல்லிக்கொண்டே இருந்த ரூபிமேல். ஆண்டவர்மேலும். உமக்காகத்தானே சாட்சி சொன்னேன், ஒரு ஒத்தாசை செய்யக்கூடாதா என்று கேட்டேன். பட்டியலில் என் பெயர் இல்லை.

1989 ஜூனில் பூந்தமல்லியில் மூன்று நாள் கூட்டம் என்று பாஸ்டர் நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தார். நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி: "மரணத்தின் வாசலிலிருந்து மீண்ட மண்ணூர்பேட்டைக் குழந்தையை நேரில் காணுங்கள்." மரணத்தின் வாசல் என்ற சொற்கள் என்னுடையவை. கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார். அவர் வந்ததற்கு முந்தின ராத்திரிதான் பியூலாவுக்கு மறுபடி காய்ச்சல் ஆரம்பித்திருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு மணியில், கம்பெனியின் பின்பக்கம் இரும்புத் துண்டுகள் கொட்டும் இடத்தில் போய் நின்று ஜெபித்தேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். என் ஜெபம் இதுதான்: "ஆண்டவரே, என்ன செய்யணும்னு காட்டும். சபைக்குத் தெரியாம காட்டும்."

எத்தனையோ பேருடைய ஜெபங்களைக் கேட்டிருக்கிறேன். இதைவிட அற்பமான ஒன்றை இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அதற்கும் பதில் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சி.

அடுத்த சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கிரைண்டரைப் பார்க்க ஏகாம்பரம் வந்தார். எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மண்ணூர்பேட்டையில் பல தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பம். "நம்ம மூணாவது ஷெட்டு கீற எடத்துல எங்க நைனா கத்திரிக்கா போட்டாரு சார்" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். அவர் வேலை செய்யும் முறை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் வேடிக்கை. கோளாறான மிஷினை முதலில் திறக்கவே மாட்டார். ஓடவிட்டு, அதன் உடம்பில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். "ரெண்டாவது பேரிங் போச்சு" என்பார். திறந்து பார்த்தால் போயிருக்கும். நாங்கள் அளவுக் கருவிகள் வைத்திருக்கும் ஆட்கள். ஆகவே சிரிப்போம்.

கிரைண்டரை அவர் ஓடவிட்டுக் கேட்பதைப் பியூலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து மோட்டார் மேல் வைத்தார். "மிசினு பேசுது பார், கேக்குதா?" அவள் சிரித்தாள். "சரி, உன் மிசினு எப்டி ஓடுதுன்னு பாப்பமா?" என்று அவளை மடியில் உட்கார வைத்து நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் கிரைண்டரை நிறுத்தினார்.

"சார், கொஞ்சம் வா. பாப்பாக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல ஏகாம்பரம். கொஞ்சம் சளி."

"சளியா? இன்னா சார் பேசற நீ? சளின்னா கரகரன்னு இஸ்துகினு அப்பால வுடும். இது வுடவே மாட்டேங்குது. ஒரே ஓட்டமா ஓடிகினு கீது." குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். "டப்பு, டிப்புன்னு தனித்தனியா கேக்கணும். நடுவுல கேப்பே இல்ல சார். பைப்புல எங்கியோ லீக்கு கீற மாரி கீது."

"ஏகாம்பரம், இது மிஷின் இல்ல, குழந்தை."

"அத்தான் சார் சொல்றேன். மிசினா இருந்தா நானே கயட்டிப் பாத்துருவேன். இத்த நான் கயட்ட முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

நான் கை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம், காறை எலும்புக்குக் கீழே. உள்ளங்கையில் ஏதோ சன்னமாக, இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் அவளைத் தூக்கியிருக்கிறேன், நாற்காலியில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன், இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

சமையலறை வாசலில் ரூபி நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டு வருஷமா நான் சொன்னா சளி. ஏகாம்பரம் அண்ணன் சொன்னா லீக்கா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஏகாம்பரம் எழுந்து, டீ குடிக்காமலேயே, "வரேம்மா" என்று போய்விட்டார். கிரைண்டர் பாதியில் கிடந்தது. அது பிறகும் பல மாதம் பாதியிலேயே கிடந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே பார்த்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் அங்கே போகாதவர்கள். பியூலாவின் பழைய சீட்டுகளில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று இருந்ததால் முதலில் நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நாள் போயிற்று. "இது எங்க கேஸ் இல்ல" என்று சொன்னார்கள். இதயப் பிரிவில் குழந்தைகளை வாரத்தில் ஒரே நாள்தான் பார்ப்பார்கள், செவ்வாய். அடுத்த செவ்வாய் விடுமுறை. அதற்கடுத்த செவ்வாய் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் சீட்டு தீர்ந்துவிட்டது. கவுண்டரில் இருந்தவரிடம், நெஞ்சில் லீக் இருக்கிறது என்றேன். "எல்லாருக்கும்தான் இருக்கு. சீக்கிரம் வரணும்" என்றார். அவரிடம் சண்டை போட்டேன். நான் போட்ட சண்டைகளிலேயே நியாயமில்லாதது அதுதான். ஆறு மாதம் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தவன், பத்து நிமிடம் தாமதமென்று அடுத்தவன்மேல் பாய்ந்தேன்.

மூன்றாவது செவ்வாய் பார்த்தார்கள். ஒரு லேடி டாக்டர். முதல் காரியமாகப் பியூலாவின் கவுனைக் கழற்றச் சொன்னார். அதுவரை எந்த டாக்டரும் அதைச் செய்ததில்லை. பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன், உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்தார். ஏகாம்பரம் வைத்த அதே இடம். அப்புறம் ஸ்டெதாஸ்கோப். பத்து விநாடி இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மதியம் கூப்பிட்டார். ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போது இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஒரு சின்ன வழி இருக்குமாம். பிறந்து சில நாளில் தானே மூடிக்கொள்ளுமாம். பியூலாவுக்கு மூடவில்லை. உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் அந்த வழியாக நுரையீரலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம்தான் இது. காசநோய் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததற்கு அடையாளமில்லை.

"ஆபரேஷன் பண்ணிக் கட்டிடலாம். இதயத்தத் திறக்கவே வேண்டாம், சின்ன ஆபரேஷன்தான்," என்றார். நான் மூச்சு விட்டேன். "ஆனா," என்றார். "நுரையீரல்ல பிரஷர் ஏறியிருக்கற மாதிரி தெரியுது. ரொம்ப ஏறிட்டா இந்த வழியக் கட்ட முடியாது. கட்டினா குழந்தை தாங்காது. கட்டலைன்னாலும் நாளாக ஆக மோசமாகும். தொடை வழியா ஒரு குழாய் விட்டு அளந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும். போன வருஷமே வந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. எங்க இருந்தீங்க இவ்வளவு நாள்?"

போன வருஷம் நான் சாட்சி எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. "சளின்னு நினைச்சிட்டோம் டாக்டர்," என்றேன்.

"அவர் நினைச்சார் டாக்டர்," என்றாள் ரூபி.

ஜூலையில் அளந்து பார்க்கத் தேதி கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணா நகர் தாண்டியதும் ரூபி சொன்னாள்: "எனக்கு ஜெபம் வேணும். சபையே ஜெபிக்கணும். உங்க மானத்துக்காக நான் ஒருத்தியா இத சுமக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை நீங்க எழுந்து சொல்லணும். இல்லன்னா நான் எழுந்து சொல்லுவேன். நான் சொன்னா எல்லாத்தையும் சொல்லுவேன்."

ஜன்னலையும் சேர்த்துச் சொல்வாள் என்பது புரிந்தது.

பூந்தமல்லிக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு அது. சாட்சி நேரத்தில் எழுந்தேன். என்னைக் கண்டதும் நாலைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நன்றாகப் பேசுகிறவன் என்ற பெயர் இருக்கிறதே. "போன வருஷம் நான் சொன்ன சாட்சி தப்பு. குழந்தை குணமாகல," என்றேன்.

"அல்லேலூயா!" என்றது சபை, பழக்க தோஷத்தில்.

பிறகுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்த நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இதயம், குழாய், பிரஷர், நிமோனியா, மாமியார் ஊர், ஜன்னல். அலங்காரம் எதுவும் வரவில்லை. என் வாழ்க்கையில் மோசமாகப் பேசிய பேச்சு அதுதான்.

முன் வரிசையிலிருந்து சபை மூப்பர் எழுந்தார். "பிரதர், ஆண்டவர் குடுத்த சுகத்த வாபஸ் வாங்க இது என்ன கம்பெனி ஆர்டரா? விசுவாசக் குறைவாப் பேசாதீங்க. நோட்டீஸ் வேற போயிடுச்சு."

ரூபி எழுந்தாள். சபையில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "அண்ணா, என் பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டை மாதிரி இருக்கு. நோட்டீஸ்ல இல்ல, நெஞ்சுல. நீங்க எனக்காக ஜெபிப்பீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

பாஸ்டர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பியூலாவுக்கு முன்னால் முழங்காலிட்டார். மூப்பரும் வந்தார், கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார், ஆனாலும் வந்தார். அன்று சபை ஜெபித்த மாதிரி நான் எங்கும் கண்டதில்லை. அழகான வார்த்தை ஒன்றுமில்லை. "அளவு சரியா இருக்கணும் ஆண்டவரே, பிரஷர் ஏறியிருக்கக் கூடாது ஆண்டவரே," என்று ஐம்பது அறுபது பேர் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் கட்டுக்கட்டாக மிச்ச நோட்டீஸ்கள். "பிரதர், பேனா இருக்கா?" என்றார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, தடித்த எழுத்திலிருந்த அந்த ஒரு வரியை ஒவ்வொன்றாக மை வைத்து அடித்தோம். பாதியில் அவர் நிமிராமலே சொன்னார்: "நானும் ஒரு தடவ அவ நெஞ்சுல கை வச்சு ஜெபிச்சேன் பிரதர். அதிர்ந்துச்சு. வல்லமை இறங்குதுன்னு நினைச்சிட்டேன்."

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அடித்துக்கொண்டே இருந்தோம்.

ஜூலையில் அளந்தார்கள். பிரஷர் ஏறியிருந்தது. ஆனால் திரும்ப முடியாத அளவுக்கு ஏறவில்லை. "கட்டலாம். ஆனா இனிமே தள்ளிப்போடாதீங்க," என்றார் அந்த டாக்டர். தள்ளிப்போடக் கூடாதென்று அவர் சொன்ன ஆபரேஷன் மூன்று முறை தள்ளிப்போயிற்று. முதல் முறை பியூலாவுக்குச் சளி. இரண்டாம் முறை ஆபரேஷன் அறையில் ஏதோ பழுது. மூன்றாம் முறை மறுபடி சளி. ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டிக்கொண்டு போய், பெட்டியோடு திரும்பினோம். கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கையில் தராமல் வைத்திருக்கிறீரே என்று ஆண்டவரிடம் நான் பேசிய பேச்சை அச்சில் போட்டால் மூப்பர் சந்தாவை நிறுத்திவிடுவார்.

செப்டம்பரில் நடந்தது. முந்தின நாள் பார்வையாளர் நேரத்தில் ஏகாம்பரம் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "எங்க ஊர் அம்மனாண்ட கேட்டுகினேன்மா. நீ உங்க சாமியாண்ட கேளு. பாப்பா நல்லா இர்க்கணும், அவ்ளோதான்," என்றார். "உங்கள அனுப்பினதே எங்க சாமிதாண்ணா," என்றாள் ரூபி. "அப்டியா? கிரைண்டர் ரிப்பேர்னு இல்ல சார் இட்டுகினு வந்தாரு?" என்று கேட்டார் அவர். அந்த வார்டில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை உள்ளே கொண்டுபோனார்கள். மதியம் வெளியே கொண்டுவந்தார்கள். இடது விலாவில் பெரிய கட்டு. சாயங்காலம் ரூபியை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடிக்கு இப்பால் நின்றேன். அவள் பியூலாவின் நெஞ்சில், கட்டுக்கு மேலே, மெல்ல உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று திரும்பி, "சிஸ்டர்! சிஸ்டர்! ஓடல! நின்னுடுச்சு!" என்று கத்தினாள். நான் கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன்.

நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு, ரூபியின் கையைப் பிடித்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "நல்லா ஓடுதும்மா. இதுதான் ஓடற விதம். இப்பதான் சரியா ஓடுது. மெதுவாப் பாருங்க."

மூன்று வருடம் அந்த அதிர்வைத் தவிர வேறெதையும் அறியாத கை. அமைதியை அது நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரூபி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, விரலால் காற்றில் தட்டிக் காட்டினாள். டப். டிப். டப். டிப். நடுவில் இடைவெளி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. "நன்றி ஆண்டவரே" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பியூலாவுக்கு இப்போது ஒன்பது வயது. வருடத்துக்கு ஒரு முறை காட்டுகிறோம். நன்றாக இருக்கிறாள் என்று சொல்வது நானில்லை. அந்த டாக்டர், போன மார்ச்சில், ஸ்கேன் பார்த்துவிட்டு. இனிமேல் நான் எந்தச் சுகத்தையும் இன்னொருவர் கையெழுத்தில்லாமல் அறிவிப்பதில்லை. வீட்டில் ரூபி ஒன்று சொன்னால், கலைக்களஞ்சியத்தை எடுப்பதற்கு முன் கையை வைத்துப் பார்க்கிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறது. அதையும் அவளே சொல்லிவிடுகிறாள்.

நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் எப்போது வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஏகாம்பரம் வந்த சனிக்கிழமை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. நான் கேட்பதற்கு இரண்டு வருடம் முன்பே ரூபியின் கையில் வந்துவிட்டது. நான் வாங்கிப் பார்க்கவில்லை. ஆண்டவர் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு கையில் கொடுத்து அனுப்பினார். என்னைப் பொறுத்த அதிசயம் அந்தப் பொறுமைதான்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளை பால் குடிக்கும்போது வியர்த்தால், ஓடாமலேயே மூச்சு வாங்கினால், அதன் அம்மா ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தால், ஜெபியுங்கள். ஜெபம் கேட்கப்படுகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள். வழி தெரியாதென்றால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன். இதுவரை ஏழு குடும்பங்களோடு போயிருக்கிறேன். அந்த வரிசையில் நிற்பது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. நின்றுகொண்டே ஆண்டவரிடம் புகார் சொல்கிறேன். அவர் கேட்டுக்கொள்கிறார். வரிசையைக் குறைத்ததில்லை. ஆனால் எங்கள் முறை வராமல் ஒருநாளும் போனதில்லை.